போயாவுக்கு நிலாவெளி போய் வந்த கணக்கு

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்கட வீடு திருமலை டவுனுக்குள்ளதான். அவருக்கு ஷிப்ட் வேலை, ரெண்டு பேருக்கும் ஒண்டா லீவு வாறது மாசத்தில ஒரு நாள் எண்டாலே பெரிய விஷயம். பொசன் போயாவுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது, பிள்ளைகளோட சேர்த்து 9 பேர் நிலாவெளியால புறாத்தீவுக்குப் போனம். போட்காரர் 12,000 எண்டு பேசிப்போட்டு, திரும்பிக் கரைக்கு வந்தோடன கண்ணாடிக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் எண்டு இன்னும் 4,500 கேட்டார். பிள்ளைகள் ஈர உடுப்போட நிக்குதுகள், குடுத்திட்டம். தீவுக்கு டிக்கெட் எடுக்கேக்கயும் ஆளுக்கு இவ்வளவு எண்டு போட்டிருக்கிறதை விடக் கூட எடுத்தவை. தீவில என்ட சின்னவன் செத்த முருகைக்கல்லுத் துண்டு ஒண்டை எடுத்ததுக்கு ஒபிசர் ஒருத்தர் எல்லாருக்கும் முன்னால ஏசிப்போட்டார். குளிச்சு உடுப்பு மாத்த ஒரு றூம் சொல்லி வைச்சிருந்தம், கடல் தெரியிற றூம் எண்டு வாட்ஸ்அப்பில படம் அனுப்பி 5,000 அட்வான்ஸ் வாங்கினவர், போய்ப் பாத்தா பின்பக்கம் ஜெனரேட்டருக்குப் பக்கத்து றூம். வேண்டாம் எண்டு வெளிக்கிட்டா அட்வான்ஸ் தரமாட்டாராம். பிறகு சாப்பிட்ட கடையில நண்டுக்கு மெனுவில விலையே போடேல்லை, சேர்விஸ் சார்ஜ், வற் வரி எண்டு 2,801 ரூபா மேலால ஏத்திட்டாங்க, 1 லீற்றர் தண்ணிப் போத்தலும் 180 போட்டிருந்தது. அவர் "விடு, லீவு நாளைப் பழுதாக்காத" எண்டுறார். எனக்கெண்டா மனசு ஆறவே இல்லை. அந்தப் போட்காரருக்கு எதிரா கேஸ் போடலாமா?

ஒரு வாசகி, திருகோணமலை

பதில்:

தங்கச்சி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். நீங்க போட்காரரைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீங்க, ஆனா ஒரு சட்டத்தரணியா எனக்கு முதல்ல கண்ணில பட்டது கடைசியா போற போக்கில எழுதியிருக்கிற அந்த 180 ரூபா தண்ணிப் போத்தல்தான். உங்களுக்கு ஆகக் கூட நொந்தது போட், ஏனெண்டா ஆகக் கூடக் காசு போனது அதிலதான், அதுவும் அக்காவுக்கு முன்னால. ஆனா சட்டத்தில ஆகப் பலவீனமானது அந்தப் போட் விஷயம், ஆகப் பலமானது தண்ணிப் போத்தல், மற்றதெல்லாம் இடையில நிக்குது. இது பிடிபடாமத்தான் கனபேர் பலமில்லாத இடத்தில போய் முட்டிப்போட்டு, ஒண்டும் நடக்கேல்லை எண்டு களைச்சு எல்லாத்தையுமே விட்டுடுகினம்.

தண்ணியில இருந்தே துவங்குறன். போத்தல் தண்ணிக்கு உச்ச விலை வர்த்தமானியில போட்டிருக்கு, 2025 ஏப்ரல் 1ல இருந்து 500 மில்லி 70 ரூபா, 1 லீற்றர் 100 ரூபா. அந்த விலைக்கு மேல விக்கிறது பேரம் பேசுற விஷயம் இல்லை, குற்றம். "இது சாப்பாட்டுக்கடை, பிரிட்ஜில வைச்சுத் தாறம், கரண்ட் பில் வருது" எண்டு சொல்லுவினம், கேக்க நியாயம் மாதிரித்தான் இருக்கும், ஆனா அதுக்காக உச்ச விலையைத் தாண்ட ஏலாது. நுகர்வோர் அதிகார சபைச் சட்டம் 2003ல வந்தது, 9ஆம் இலக்கச் சட்டம், 2021ல திருத்தம் கொண்டுவந்து தண்டத்தைக் கூட்டினவை. இப்ப தனி ஆள் எண்டா 1 லட்சத்தில இருந்து 5 லட்சம் வரை, கொம்பனி எண்டா 5 லட்சத்தில இருந்து 50 லட்சம் வரை கோர்ட்டில கட்டவேண்டி வரும், அதுவும் முதல் தரம் பிடிபட்டதுக்கே. நீங்க போத்தலுக்கு 80 ரூபா கூடக் குடுத்திருக்கிறீங்க. 80 ரூபாக்கு என்னத்தைப் போய்ச் சொல்லுறது எண்டு யோசிக்க வேண்டாம், அந்தக் கடைக்கு ஒரு போயா நாளில எத்தினை குடும்பம் வந்து எத்தினை போத்தல் வாங்கியிருக்கும் எண்டு மட்டும் நினைச்சுப் பாருங்கோ. நுகர்வோர் அதிகார சபையின்ட 1977 எண்ட நம்பருக்கு எடுத்துச் சொல்லலாம், இல்லாட்டி எங்கட கச்சேரிக்கு, அதான் மாவட்டச் செயலகத்துக்கு, போய் அந்தச் சபை ஆக்களிட்ட எழுத்தில குடுக்கலாம், சட்டத்தரணி தேவையில்லை, ஒரு சதமும் செலவில்லை. ஒண்டை இப்பவே சொல்லிப்போடுறன், அந்தத் தண்டக்காசு அரசாங்கத்துக்குத்தான் போகும், உங்கட கைக்கு வராது. அதைத் தெரிஞ்சுகொண்டு போங்கோ, அப்பதான் பிறகு மனசு உடையாது.

அடுத்தது அந்தச் சாப்பாட்டு பில். நீங்க போட்டோ அனுப்பியிருந்தபடியா கணக்கைப் போட்டுப் பாத்தன். சாப்பாடும் தண்ணியும் 9,400. அதில 10 வீதம் சேர்விஸ் சார்ஜ் 940, ரெண்டும் சேர 10,340. அதில 18 வீதம் வற் எண்டா 1,861 ரூபாவும் கொஞ்சச் சதமும். 940ஐயும் 1,861ஐயும் கூட்டினா நீங்க சொன்ன அதே 2,801 வருது, கூட்டல் பிழை இல்லை. வற் 2024 ஜனவரி 1ல இருந்து 18 வீதம்தான், சேர்விஸ் சார்ஜையும் சேர்த்த தொகைக்கு மேலதான் அதைப் போடுறது, அதிலயும் பிழை இல்லை. என்ட சந்தேகம் வேற இடத்தில. பில் முழுக்கக் கையால எழுதினது, கடைப் பேர் சீல் அடிச்சிருக்கு, ஆனா வற் இலக்கம் எண்டு ஒண்டு எங்கயுமே இல்லை. வற் எண்டு சனத்திட்ட காசு வாங்க ஏலுமானது வற்றுக்குப் பதிஞ்ச ஆக்களுக்கு மட்டும்தான். பதிஞ்ச கடையெண்டா அந்தச் சான்றிதழைத் தெரியிற இடத்தில மாட்டி வைச்சிருக்கவேணும், பில்லில இலக்கம் இருக்கவேணும். பதியாம ஒருத்தர் வற் எண்டு எழுதி வாங்கினா அந்தக் காசு அரசாங்கத்துக்கும் போகாது, நேரா அவற்ர லாச்சிக்குள்ள போகுது.

ஆனா உடன போய்க் கள்ளர் எண்டு சொல்லிப்போடாதீங்கோ. சிலநேரம் உண்மையாவே பதிஞ்ச கடையா இருக்கும், போயா நாள், சனம் கூட, மெஷின் பழுதாகிக் கைபில் எழுதியிருப்பினம். முதல்ல போன் எடுத்து, "அண்ணை, அண்டைக்குத் தந்த பில்லுக்கு உங்கட வற் நம்பரைச் சொல்லுறீங்களா, எங்களுக்குத் தேவைப்படுது" எண்டு அமைதியாக் கேளுங்கோ. பதிஞ்சவர் எண்டா மறுகதை இல்லாமச் சொல்லுவார், அப்ப அந்த 1,861ஐ நீங்க மறந்திடலாம். வாய்க்குள்ள மெண்டு முழுங்கினாரெண்டா உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு, 1944 எண்ட நம்பருக்கு, எடுத்துச் சொல்லுங்கோ.

சேர்விஸ் சார்ஜ் வேற கதை. அது வரி இல்லை, அரசாங்கம் போடச் சொன்னதும் இல்லை, கடை தானாப் போடுறது. ரெண்டையும் ஒண்டாக் குழப்பிக்கொண்டு "கவர்மெண்ட் எடுக்குது, நாங்க என்ன செய்யிறது" எண்டு கடைக்காரரும் சொல்லுவினம், நாங்களும் தலையை ஆட்டிப்போட்டு வந்திடுவம். மெனுவில 10 வீதம் எடுப்பம் எண்டு எழுதியிருந்து நீங்க அதைப் பாத்திட்டுச் சாப்பிட்டா, ஒத்துக்கொண்ட மாதிரித்தான். எங்கயும் எழுதாம கடைசியில பில்லில மட்டும் வந்தா, இது எனக்கு முதலே சொல்லேல்லை, எடுத்துவிடுங்கோ எண்டு அந்த இடத்திலயே கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நண்டுக்கு மெனுவில விலையே போடேல்லை எண்டும் எழுதியிருக்கிறீங்க. விலைப்பட்டியலைத் தெரியிற மாதிரிப் போடவேணும் எண்டு சட்டம் இருக்கு, பில் கேட்டாக் குடுக்கவேணும் எண்டும் இருக்கு. விலை போடாத நண்டை, கிலோ எவ்வளவு எண்டு கேளாம ஓடர் பண்ணவே பண்ணாதீங்கோ.

இனி றூம். இதிலதான் உங்கட காசு உண்மையாவே திரும்பி வரக்கூடிய வழி இருக்கு, அதால நேரத்தை இதில செலவழியுங்கோ. கையெழுத்து வைச்ச பேப்பர் இல்லையே எண்டு பயப்பட வேண்டாம். 2006ல வந்த 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டத்தின்படி, எலக்ட்ரோனிக்கா எழுதினது எண்ட ஒரே காரணத்துக்காக ஒரு ஒப்பந்தத்தைச் செல்லாது எண்டு தள்ள ஏலாது. அவர் படம் அனுப்பினது, நீங்க "இந்த றூம்தானே அண்ணா" எண்டு கேட்டது, அவர் "ஓம் அக்கா கடல் அப்பிடியே தெரியும்" எண்டு போட்டது, காசு போட்ட சிலிப்பை நீங்க அனுப்பினது, எல்லாம் திகதியோட நேரத்தோட உங்கட போனில கிடக்குது. இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கோர்ட்டில கனதரம் கிடைச்சதில்லை. ஒண்டைக் காட்டி இன்னொண்டைத் தாறது வாங்குறவரைப் பிழையா வழிநடத்துற வேலை, நுகர்வோர் சட்டம் அதைத் தடை செய்யுது. அதோட நீங்க அந்த றூமில தங்காம அப்பவே வேண்டாம் எண்டு வெளிக்கிட்டது நல்லதாப் போச்சு. அரைநாள் இருந்து குளிச்சுப் படுத்து எழும்பிப்போட்டு வந்து கேட்டிருந்தா இவ்வளவு திடமாச் சொல்லமாட்டன்.

முதல்ல சட் முழுக்க ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ, அவற்ர நம்பரும் திகதியும் தெரியவேணும். மெசேஜ் தானா அழியிற செட்டிங் போட்டிருந்தா இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. பிறகு அவருக்கு இப்பிடி ஒரு மெசேஜ் போடுங்கோ, கோவப்படாம, ஒரு சொல்லுக் கூடக் குறைய இல்லாம: "பொசன் போயா அண்டைக்குக் கடல் தெரியிற றூம் எண்டு நீங்க படம் அனுப்பி 5,000 ரூபா அட்வான்ஸ் வாங்கினீங்க. நாங்க வந்தபோது அந்த றூம் தரப்படேல்லை, நாங்க தங்கவும் இல்லை. 7 நாளுக்குள்ள அந்தக் காசை நான் அனுப்பின அதே கணக்குக்குத் திருப்பிப் போடுங்கோ. இல்லாட்டி நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில குடுப்பன்." போனில கதைக்க வேண்டாம், அவர் எடுத்தாலும் "மெசேஜில போடுங்கோ அண்ணா" எண்டு வையுங்கோ. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பாதிப்பேர் இந்த மெசேஜோடயே காசைப் போட்டுடுவினம், ஏனெண்டா அவைக்கு 5,000ஐ விடப் பேர் முக்கியம். போடாட்டி கச்சேரிக்குக் குடுக்கிற அதே முறைப்பாட்டில இதையும் சேருங்கோ, காசைத் திருப்பிக் குடு எண்டோ நட்டஈடு குடு எண்டோ கட்டளை போடுற அதிகாரம் அவைக்கு இருக்கு.

இப்ப உங்கட போட்காரர். பேசினது 12,000, வாயால பேசினது, அதுவும் ஒப்பந்தம்தான், ஆனா கண்ணாடி அதுக்குள்ள வருமா வராதா எண்டு ரெண்டு பேரும் கதைக்கேல்லை. கண்ணாடி, குழாய், காலுக்குப் போடுறது, இதுகளுக்குத் தனியா வாடகை எடுக்கிறது நிலாவெளியில வழக்கமா நடக்கிறதுதான், அதால "அவருக்கு எதிரா கேஸ்" எண்டு போனா அவர் "எல்லாரும் அப்பிடித்தான், அவ கேக்கேல்லை" எண்டுவார், உங்களிட்ட மறுக்க ஒண்டும் இருக்காது. அவையின்ட நிலைமையையும் நான் பாக்கிறன், கிட்டத்தட்ட சித்திரையில இருந்து புரட்டாசி வரைக்கும்தான் இந்தப் பக்கக் கடல் போட் ஓட விடும், வாடைக்காலம் துவங்கினா போட்டைக் கரையில ஏத்திக் கவிழ்த்து வைக்கவேண்டியதுதான், அரை வருசத்து உழைப்பில முழு வருசம் சாப்பிடோணும். அதுக்காகக் கரைக்கு வந்த பிறகு பிள்ளைகளை நிக்கவைச்சுக் காசு கேக்கிறது சரியெண்டு சொல்லமாட்டன். 

அதில எனக்கு உண்மையாக் கோவம் வந்தது லைஃப் ஜாக்கெட்டுக்குக் காசு கேட்டதுக்குத்தான். ஜாக்கெட் வாடகைச் சாமான் இல்லை, போட்டில ஏறுற ஒவ்வொரு ஆளுக்கும், முக்கியமா பிள்ளைகளுக்கு, ஏற முதலே போட்டுவிட வேண்டியது. நிலாவெளிக் கரையில இருந்து தீவு பாத்தா கிட்டத்தான் தெரியும், 1 கிலோமீற்றர் சொச்சம்தான், ஆனா ஆழம் ஆழம்தானே தங்கச்சி. போகேக்க பிள்ளைகளுக்குப் போட்டுத்தான் கூட்டிக்கொண்டு போனவரோ இல்லையோ எண்டு நீங்க எழுதேல்லை. ஒரு போட்டில 9 பேர் ஏத்தலாமோ எண்டும் கேட்டிருக்கவேணும். காசைவிட இதைத்தான் டிக்கெட் குடுக்கிற இடத்தில இருக்கிற வனஜீவராசிகள் ஆக்களிட்டயும், அவற்ர போட் சங்கத்திட்டயும் சொல்லுங்கோ, போட் பேரோட. கேஸ் வேண்டாம், சொன்னாலே அடுத்த குடும்பத்துக்கு உதவும்.

டிக்கெட் விஷயத்தில உங்களை ஏமாத்தேல்லை. புறாத்தீவு 2003ல இருந்து தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட பொறுப்பு, அங்க ஆள் கட்டணத்தோட சேவைக் கட்டணமும் வற்றும் தனித்தனியாச் சேரும், அதாலதான் தலைக்கணக்குப் பாத்தாச் சரிவராது. டிக்கெட்டிலயே பிரிச்சுப் போட்டிருக்கும், எடுத்துப் பாருங்கோ. சின்னவனை ஏசினது உங்களுக்கு நொந்திருக்கும், பிள்ளைக்குப் பக்குவமாச் சொல்லியிருக்கலாம், ஆனா அந்த ஒபிசர் செய்தது அவற்ர கடமை. தேசிய பூங்காவில இருந்து செத்த முருகைக்கல்லுத் துண்டுகூட எடுக்க ஏலாது. அந்தத் தீவின்ட ஒரு பக்கக் கரையே உடைஞ்ச முருகைக்கல்லாலதான் ஆனது, வாற ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டு கொண்டு போனா என்ன மிஞ்சும்? தண்ணிக்குள்ளயும் அப்பிடித்தான், மிதிச்சா உடைஞ்சிடும், திரும்பி வளர வருசக்கணக்கு. அடுத்தமுறை போக முதல் சின்னவனை மடியில வைச்சு இதைச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ, அவன் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லுவான்.

உங்கட மனுசன் சொன்னதையும் யோசிச்சன். அவர் பயந்து சொல்லேல்லை, மாசத்தில ஒரு நாள் கிடைக்கிற லீவைச் சண்டையில கழிக்க விருப்பமில்லை, அதில பிழை சொல்ல எனக்கு வாய் வராது. நீங்களும் சும்மா கிடந்து கோவிக்கேல்லை. இதில நடந்தது என்னெண்டா, வீட்டுக்கு வந்த சொந்தக்காரருக்கு முன்னால விலை கேக்க எங்கட சனத்துக்குக் கூச்சம். அக்கா யாழ்ப்பாணத்தில இருந்து வந்திருக்கிறா, அவ பாத்துக்கொண்டு நிக்கேக்க "ஜாக்கெட் சேர்த்தா அண்ணை, தண்ணி எவ்வளவு, நண்டு கிலோ என்ன விலை" எண்டு கேட்டா கஞ்சத்தனம் எண்டு நினைப்பா எண்ட பயம். உடன அக்கா பேர்ஸைத் திறப்பா, அது உங்களுக்கு இன்னும் வெக்கம், கேட்ட காசைக் குடுத்துப்போட்டு நடையைக் கட்டுவீங்க. கடைக்காரருக்கும் போட்காரருக்கும் இது நல்லாத் தெரியும். வெள்ளைக்காரன் நாலு இடத்தில விலை கேட்டுப்போட்டுத்தான் ஏறுவான், விருந்தாளியோட வாற உள்ளூர்க் குடும்பம் கேக்காது. எங்கட வீட்டிலயும் இதே கதைதான், மாமா ஆக்கள் வந்தா நான் வாயே திறக்கமாட்டன், சட்டம் படிச்சு என்ன.

அதால விருந்தாளி இல்லாத நேரத்தில கேட்டு முடிச்சிடுங்கோ. முதல் நாள் பின்னேரம் ஒரு தேத்தண்ணியோட இருந்து போட்காரருக்கு எடுத்து, 9 பேர், போக வர, காத்து நிக்கிறது, ஜாக்கெட், கண்ணாடி எல்லாம் சேர்த்து முடிவா எவ்வளவு எண்டு கேளுங்கோ, சொன்ன தொகையை உடன வாட்ஸ்அப்பில "அண்ணை எல்லாம் சேர்த்து இவ்வளவு எண்டு கதைச்சம்" எண்டு போட்டு அவர் ஓம் எண்டு போடும் வரைக்கும் விடாதீங்கோ. கரையில வந்து புதுசா ஏதும் கேட்டா போனை நீட்டினாக் காணும், அக்காவுக்கு ஒண்டும் தெரியவும் வராது. காசில பாதியை மட்டும் முதல் குடுங்கோ, மிச்சம் இறங்கின பிறகு. சாப்பாட்டுக் கடையில ஒருத்தர் முன்னால போய் மெனுவைப் பாத்திட்டு வரட்டும், அதை உங்கட மனுசனிட்ட விடுங்கோ, லீவு நாள் பழுதாகக் கூடாது எண்டு நினைக்கிறவர் அவர்தானே. தண்ணியை டவுனிலயே 5 லீற்றர் கான் ரெண்டு வாங்கி வானில போட்டுக்கொண்டு போங்கோ, தீவில பிளாஸ்டிக் போத்தலை எறியிற வேலையும் இராது.

முறைப்பாட்டுக்கு நாள் இருக்கு, ஆனா கனக்க இல்லை. சாமானோ சேவையோ தந்த நாளில இருந்து 3 மாசத்துக்குள்ள எழுத்தில குடுக்கவேணும், பொசன் போயாவில இருந்து எண்ணினா ஓகஸ்ட் மாசம் முடியிறதுக்குள்ள குடுத்தாத்தான் பயமில்லாம இருக்கலாம். றூம்காரருக்கு மெசேஜை இண்டைக்கே போட்டு 7 நாள் பாருங்கோ. பிறகு வேலை நாள் ஒண்டில பின்னேரம் ஆகமுதல் கச்சேரிக்குப் போங்கோ, கையில சாப்பாட்டு பில், றூம்காரற்ர சட் பிரிண்ட், காசு போட்ட சிலிப், உங்கட அடையாள அட்டைக் கொப்பி. ஒவ்வொண்டிலயும் ரெண்டு கொப்பி எடுத்து ஒண்டில அவையின்ட சீல் அடிச்சு வாங்கிக்கொண்டு வாங்கோ.

இன்னொரு விஷயம், காசு போட்ட சிலிப் மெஷினால வந்ததெண்டா அதை வானின்ட முன் கண்ணாடிக்குக் கிட்ட வைச்சிராதீங்கோ. போன வருசம் ஒரு அண்ணா அப்பிடித்தான் ஒரு பில்லைக் கொண்டு வந்தவர், திருமலை வெயில்ல ரெண்டு கிழமையா டாஷ்போர்டில கிடந்து பேப்பர் முழுக்கக் கறுத்துப்போய் ஒரு எழுத்தும் தெரியேல்லை, நல்ல கேஸ், ஒண்டும் செய்ய ஏலாமப் போச்சு. இந்த வரியை வாசிச்ச கையோட எழும்பிப் போய் அதை போட்டோ எடுத்து வையுங்கோ.